சுவரில் திரும்பிய சப்பரம்

கண்ணு,

நீ போனில் போட்டிருந்ததை அம்மா எனக்குப் படித்துக் காட்டினாள். நம் வீட்டுச் சுவரின் படத்தைப் போட்டு, 'ஊரே எதிர்த்து நின்றும் ஒரு துளி சுண்ணாம்பு விழாமல் காத்தவர் என் அப்பா' என்று எழுதியிருக்கிறாய். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எனக்குக் கும்பிடு போட்டிருக்கிறார்கள். ஒருவர் என்னை மாமனிதர் என்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் நீ மேட்டுப்பாளையம் பக்கம் வேறொரு ஊரில் சுவர் வரையப் போகிறாய் என்றும் அம்மா சொன்னாள். அதற்கு முன்னால் உனக்கு நடந்தது தெரிந்தாக வேண்டும். எல்லாரும் படிக்கும்படி நீ என்னைப் புகழ்ந்துவிட்டாய், அதனால் நானும் எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன். படித்து முடித்ததும் இதையும் அங்கேயே போடு. நம் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாரும் படிப்பார்கள், படிக்கட்டும். அவர்களில் பாதிப்பேர் இப்போது என்னோடு பேசுவதில்லை, படித்த பிறகு மீதிப்பேரும் பேசாமல் இருக்கலாம்.

நான் உன்னிடம் கேட்டது ஒரு காங்கேயம் காளை. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கிற சுவர் என்பதால் நோட்டீஸ் ஒட்டுகிறவனும் வெற்றிலை எச்சில் துப்புகிறவனும் அதை ஒரு வழி பண்ணி வைத்திருந்தார்கள். திமிலும் கொம்புமாக ஒரு காளை நின்றால் லட்சணமாக இருக்கும் என்று நினைத்தேன். "அதவிடப் பெருசா ஒண்ணு வரையட்டுங்களாப்பா?" என்று கேட்டாய். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லித்தருகிற பிள்ளை, லீவில் ஆசைப்படுகிறாள் என்று தலையாட்டிவிட்டு மேட்டுப்பாளையத்தில் உன் சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பஸ்ஸில் இருந்து இறங்கினால், எதிரே சுவரில் நான் நிற்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில், அதாவது திருவிழாவில், அம்மனைச் சப்பரத்தில் வைத்துத் தோளில் தூக்கி வருவோம். கோயிலில் கிளம்பி வடக்குத் தெரு முழுக்க வந்து, தண்ணித்தொட்டி முக்கில் மேற்கே திரும்பி, பஸ் ஸ்டாப்பையும் எங்கள் வீட்டையும் தாண்டிக் கோயிலுக்கே போய்ச் சேரும். தொட்டிக்குக் கிழக்கேயும் ஒரு தெரு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக எங்கள் தோட்டங்களில் வேலை செய்தவர்களின் தெரு. இப்போது அங்கே நர்ஸ் இருக்கிறாள், மில்லில் சூப்பர்வைசர் இருக்கிறார், வேன் வைத்து ஓட்டுகிறவர் இருக்கிறார். ஆனாலும் நோம்பிக்கு அவர்களிடம் வரி வாங்குவதில்லை, சப்பரமும் அங்கே போவதில்லை. சப்பரத்தைத் தூக்கும் முன்கட்டையின் இடது பக்கம் எங்கள் வீட்டுத் தோள். என் அப்பாவுக்குப் பிறகு நான் தூக்குகிறேன். ஏன் கிழக்கே போவதில்லை என்று நான் ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை. தூக்குகிறவனுக்கு வழி தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

நீ வரைந்த சப்பரம் தொட்டி முக்கில் கிழக்கே திரும்பியது. முன்கட்டையில் நான், அதே பனியன், அதே மீசை, தோளில் அதே நீலத் துண்டு. எனக்குப் பின்னால், நோம்பியை முன்னின்று நடத்துகிற உன் பெரியதோட்டத்து மாமனும் நம் பங்காளிகளும். எதிரே கிழக்குத் தெரு. வாசலுக்கு வாசல் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, தேங்காய் பழத் தட்டோடு பெண்கள் நிற்கிறார்கள். அந்தத் தெருவை வரைந்தது நீ இல்லை, உன்னோடு பள்ளியில் ஒன்றாகப் படித்த, அந்தத் தெருவிலேயே இருக்கிற செல்வி. சுவரின் வலது பாதி முழுக்க அவள் கை. ஒரு கோஷம் இல்லை, ஒரு எழுத்துகூட இல்லை. ஊரில் நடக்காத ஒன்றை நடந்தது போல வரைந்து வைத்திருந்தீர்கள், அவ்வளவுதான்.

அன்று நான் உன்னிடம் கத்திய கத்தல் எனக்கு மறக்கவில்லை. "என்ற மூஞ்சிய யாரக் கேட்டுப் போட்டே?" என்றேன். "நீங்கதானுங்கப்பா எப்பவும் முன்னாடி தூக்குவீங்க" என்று சாதாரணமாகச் சொன்னாய். "நான் காலே வெக்காத தெருவுக்குள்ள என்ற மூஞ்சியக் கொண்டு போயி வெச்சிருக்கறயே, நாளைக்கு ஊருக்குள்ள நான் எப்படி நடப்பேன்?" என்று கேட்டேன். நீ பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தாய். அந்தக் கோபத்தில் இன்றைக்கும் ஒரு பங்கு என்னிடம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். செல்வி அவள் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய், "உங்களப் படத்துல போடலாமுங்களா?" என்று கேட்டுத்தான் வரைந்திருக்கிறாள். வேண்டாம் என்றவர்களை விட்டுவிட்டாள். நீ எங்கள் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கண்டிப்பாக மறுத்திருப்பேன், அப்படி மறுத்திருந்தால் இந்தப் படமே வந்திருக்காது. அதுவும் எனக்குத் தெரிகிறது. இருந்தாலும் போகிற ஊரில் கேட்டுவிட்டு வரை. மறுக்கிறவனுக்குப் பதிலாக முகம் தெரியாத ஒருவனை வரைந்து வை. அதைப் பார்க்கிறபோதெல்லாம் அவனுக்கு உறுத்தும்.

முதலில் ஊரில் யாரும் எதுவும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பார்த்தார்கள், பக்கத்தில் போய்ப் பார்த்தார்கள், தங்கள் முகத்தைத் தேடினார்கள். உன் சித்தப்பா வந்து, "எல்லாத்தையும் போட்டிருக்கறா, என்னய மட்டும் உட்டுப்போட்டாளே, நான் என்ன வேத்தாளா?" என்று குறைப்பட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆறிப்போய்விடும் என்றுகூட நம்பினேன். கெட்டது காங்கேயம் பஸ் கண்டக்டரால். அந்த மனிதர் விளையாட்டாக, "சப்பரம் திரும்பற ஸ்டாப்பெல்லாம் எறங்குங்க" என்று கூவ ஆரம்பித்தார். பஸ்ஸே சிரித்தது. அடுத்த நாளும் கூவினார். ஊருக்குள் வருகிற ஒவ்வொருவர் காதிலும் தினமும் அது விழுந்தது. சந்தைக்கு வந்தவர்கள், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் எல்லாரும், "ஏனுங்க, உங்க ஊர்ல இப்ப சப்பரம் அந்தத் தெருவுக்கும் போகுதாமா?" என்று எங்களிடம் கேட்டார்கள். போகிறது என்று சொன்னால் பொய். போகவில்லை என்றால், "ஏன்?" என்று அடுத்த கேள்வி வந்தது. அந்த இரண்டாவது கேள்விக்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. படம் ஊரை இடித்தது அங்கேதான்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். போனில் மிரட்டல் வந்தது. முகத்தைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு இரண்டு பைக்குகள் நம் வீட்டு முன்னால் திரும்பத் திரும்பப் போயின. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் செல்வி வரைந்த பாதியில் மட்டும் சாணியை அடித்திருந்தார்கள், உன் பாதியில் ஒரு சொட்டு இல்லை. அன்றைக்குத்தான் அம்மா உன்னைப் பஸ் ஏற்றி, உன் பள்ளிக்கூடம் இருக்கிற துடியலூருக்கு அனுப்பினாள். "நோம்பி முடியற வரைக்கும் வராத அம்மணி, என்ற உசுரு கையில இல்ல" என்று அழுதாள். நீ துடியலூரில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கலாம், செல்வி எங்கே போவாள் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் தினமும் அதே ஸ்டாப்பில் நின்றுதான் வேலைக்குப் பஸ் ஏறினாள். சுவருக்கு முன்னால், அந்தச் சாணிக் கறைக்கு முன்னால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. நான் வாசல் கேட்டுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோயிலில் நோம்பி சாட்டி அறிவித்த மறுநாள் உன் மாமன் ஆட்களோடு வந்தார். கூடவே பக்கத்து ஊரில் இருந்து சுண்ணாம்பு அடிக்கிற ஆள், வாளி, மட்டை எல்லாம். "ஏனுங் மாப்பிள்ளை, பேசறதுக்கு ஒண்ணுமில்லீங்க. புள்ள வெவரம் பத்தாம செஞ்சுபோட்டா. அடிச்சுப்போட்டா முடிஞ்சுது" என்றார். அந்த ஆள் மட்டையை முக்கி எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனார், அப்படியே நின்றார். நீ வரைந்த அம்மனின் முகத்துக்கு யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். மேலே ஆணி அடித்து வேப்பிலைச் சரம் தொங்கியது. "சாட்டுன பொறகு அம்மன் மூஞ்சியில சுண்ணாம்பு அடிக்கச் சொல்றீங்களே, எனக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்க" என்று மட்டையை வாளியில் போட்டுவிட்டார். வந்தவர்களில் ஒருவரும் அதை எடுக்கவில்லை. சுவரில் ஒன்றுக்குப் போகாமல் இருக்கச் சாமி படம் வரைகிற ஊரில், சாமி படத்தை எப்படி அழிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு உள்ளுக்குள் குதூகலமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் உன் மாமன் ஒரு வழி கண்டுபிடித்தார். "அம்மன் இருக்கட்டுமுங்க. சப்பரம் இருக்கட்டும், தூக்கறவங்களும் இருக்கட்டும். அக்கட்டால இருக்கற தெருவ மட்டும் அடிச்சுப்போடலாம். புள்ள பாடுபட்டு வரைஞ்சது, அவ கையி வீணாப் போவ வேண்டாம்" என்றார். கண்ணு, நான் சரி என்றேன். யாரும் என்னை மிரட்டவில்லை, கெஞ்சவில்லை. என் வாயால், தெளிவாக, "சரிங்க மச்சான், அப்படியே செஞ்சுபோடலாம்" என்றேன். சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. உன் பாதி தப்பித்தது, என் தோள் தப்பித்தது, ஊரும் தப்பித்தது என்று நினைத்தேன். அழியப் போவது இன்னொருத்தி ராவும் பகலும் நின்று வரைந்த பாதி என்பது என் கணக்கிலேயே வரவில்லை. நீ எனக்குப் போட்ட மாலை இந்த இடத்தில்தான் எனக்குக் கழுத்தை அறுக்கிறது. வெயில் ஏறிவிட்டதால் மறுநாள் காலையில் அடிப்பது என்று பேசிக் கலைந்தார்கள். அம்மா மட்டும் ஒன்று சொன்னாள். "தெருவ அழிச்சுப்போட்டா சப்பரம் வெறுஞ் செவுத்தப் பாத்து நிக்குமேங்க, சாமிக்கு வழி தெரியாமப் போச்சுன்னு ஊரு சிரிக்காதுங்களா?" என்றாள். வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னேன்.

மறுநாள் காலையில் அவர்கள் வருவதற்குச் சித்த நேரம் முன்னால் செல்வி வந்தாள். எப்படியோ அவளுக்குத் தெரிந்திருந்தது. கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள், நானும் உள்ளே வா என்று கூப்பிடவில்லை. "ஏனுங்கப்பா, அழிக்கறதுன்னா முழுசா அழிச்சுப்போடுங்க. பாதி மட்டும் வேண்டாமுங்க" என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. "உன்ற சிநேகிதி வரைஞ்சதாச்சும் மிஞ்சட்டும்னு உனக்குத் தோணலையா?" என்று கேட்டேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "எங்க தெருவ அழிச்சுப்போட்டு அம்மனையும் உங்களையும் மட்டும் உட்டு வெச்சா, அது நாங்க வரைஞ்ச படம் இல்லீங்க. இப்ப ஊர்ல என்ன நடக்குதோ அதுதானுங்க அது. அதுக்கு எதுக்குங்க பெயிண்ட்டு?" என்றாள். சொல்லிவிட்டு ஸ்டாப்புக்குப் போகவில்லை. சுவரின் அந்தப் பாதிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். தோளில் இருந்த பையைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு என் மேல் வெட்கம் வந்தது.

உன் மாமன் ஆட்களோடு வந்துவிட்டார். அவளைப் பார்த்ததும் அவர் பேச்சே மாறியது. "அந்தப் புள்ளய அக்கட்டால போகச் சொல்லுங்க மாப்பிள்ளை, இல்லாட்டி நாங்க சொல்ல வேண்டி வரும்" என்றார். பின்னால் நின்ற ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டினான். ஸ்டாப்பில் நின்றவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். போய் அவள் பக்கத்தில் நின்றேன். வீரமாக எதுவும் பேசவில்லை, நீ கற்பனை பண்ணிக்கொள்ளாதே. "இது என்ற செவுருங்க மச்சான். எதையும் அழிக்க வேண்டாமுங்க" என்றுதான் சொன்னேன். "நேத்து சரின்னீங்களே?" என்றார். "நேத்து சொன்னது தப்புங்க" என்றேன். படத்தில் இருக்கிற என் முகத்தைக் காட்டி, "அப்ப அது நீங்கதானா? அந்தத் தெருவுக்குள்ள சப்பரத்தத் தூக்கிட்டுப் போறது நீங்கதானான்னு கேக்கறேன்" என்றார். பொய் சொல்லித் தப்பிக்க அப்போதும் இடம் இருந்தது. சின்னப் பிள்ளை கிறுக்கினது, நானில்லை என்று சொல்லியிருக்கலாம். "நானேதானுங்க" என்றேன். "அப்ப இந்த வருசம் நீங்க கட்டையில தோளு வெக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, வாளியைக்கூட எடுக்காமல் போய்விட்டார். அந்த வாளி இன்னும் நம் வாசலில் கிடக்கிறது.

ஆக, சுவரைக் காத்தது நான் இல்லை. முதல் நாள் காத்தது நீ வரைந்த அம்மன், மறுநாள் காத்தவள் செல்வி. நான் கடைசியில் போய் நின்றவன். நீ உன் படத்தின் கீழே உன் பேரையும் என் பேரையும் எழுதியிருக்கிறாய், அவள் பேரைக் காணோம். மறந்துவிட்டாயா, அவளுக்கு வம்பு வரக்கூடாது என்று விட்டாயா என்று எனக்குத் தெரியாது. அவளிடமே கேட்டு, போடச் சொன்னால் போடு. வரைந்து முடித்ததும் பஸ் ஏறி வந்துவிடலாம் என்றால் அந்தச் சுவரைத் தொடாதே. படம் ஒரு ஊரைக் கேள்வி கேட்கும், உண்மைதான், நான் கண்ணால் பார்த்தேன். அந்தக் கேள்விக்குக் கோபப்பட்டு வருகிறவர்கள் முன்னால் ஒரு ஆள் நிற்க வேண்டியிருக்கிறது. நீ நிற்க மாட்டாய் என்றால் அங்கே இன்னொரு செல்விதான் நிற்பாள். இதை உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, உன்னைப் பஸ் ஏற்றியவர்கள் நாங்கள்தான். உன்மேல் எனக்குக் கர்வம் உண்டு. அதையும் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இனி நோம்பியன்று நடந்தது. உன் மாமன் மகன் என் இடத்தில் தோள் வைத்தான். பறைச் சத்தம் கேட்டதும் என் இடது தோள் தானாக முன்னே போனது, சொன்னால் நம்ப மாட்டாய். வீட்டில் இருக்க முடியவில்லை. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள், சப்பரத்தை நிறுத்தாமல் போய்விடுவார்கள் என்று தெரிந்தேதான் நின்றாள். நான் ஊருக்குள்ளே எங்கே நின்றாலும் நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நடந்து நடந்து தொட்டி முக்குக்கு வந்தேன், அங்கேயும் நிற்க மனம் வராமல் தொட்டியைத் தாண்டிக் கிழக்குத் தெருவுக்குள் கால் வைத்தேன். யாரும் என்னை வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. படத்தில் இருப்பது போலவே பெண்கள் வரிசையாகத் தட்டோடு நின்றார்கள். செல்வியின் அம்மா கொஞ்சம் நகர்ந்து எனக்கு நிற்க இடம் விட்டார்.

சப்பரம் வடக்குத் தெருவில் இருந்து வந்தது. முக்கில் ஒரு நொடி தயங்கியது போல இருந்தது, இன்றைக்காவது கிழக்கே திரும்பிவிடாதா என்று எட்டிப் பார்த்தேன். எப்போதும் போல மேற்கேதான் திரும்பியது. எனக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து நான் அதன் முன்னால் நடந்தவன், அம்மனுக்கு முதுகுப் பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. மாலையின் முடிச்சும், பட்டுச் சேலையைச் சொருகிப் பின் குத்தியிருப்பதும், சிலை விழாமல் இருக்க வைத்துக் கட்டிய மூங்கில் தப்பையும் கயிறும் தெரிந்தன. என் வீட்டைத் தாண்டி அது நிற்காமல் போனது. முதுகைப் பார்த்து எப்படிக் கும்பிடுவது என்று தெரியாமல் கையை வைத்துக்கொண்டு முழித்தேன். பக்கத்தில் செல்வியின் அம்மா எனக்கு முன்பே கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்புடன்,
உன் அப்பா